மணியைத் தாங்கும் நூல்

(மேடை உடைத் தையல் பயிலும் மாணவியரிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசை மேல் ஓர் இடுப்புப் பட்டையை விரித்து வைத்திருக்கிறேன். கெய்ரோவில் தைத்தது. கண்ணாடி மணியும் சமிக்கியும் நிறைந்தது. பேச்சு முடிந்ததும் நீங்கள் ஒவ்வொருவரும் வந்து இதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். எடுக்கும்போது குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி எடுங்கள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள். அப்படித் தூக்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது பேசப்போகிறேன்.

இந்தப் பட்டை எந்த ஆட்டத்துக்கு உரியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் 'பெல்லி டான்ஸ்' என்கிறோம். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் 'கெய்ரோ வீதி' என்றொரு பகுதி அமைத்தார்கள். அங்கே ஆடிய பெண்களைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அதன் பிறகுதான் அந்தப் பெயர் அமெரிக்காவில் பரவியது. எகிப்தில் இதன் பெயர் 'ரக்ஸ் ஷர்கி'. கிழக்கத்திய நடனம் என்று பொருள். மார்புக் கச்சும் இடுப்புப் பட்டையும் பாவாடையும் சேர்ந்த உடைக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'பத்லா'. ஒரு ஜோடியாகத் தைத்த உடை என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஆண்கள் அணியும் கோட்டு சூட்டுக்கும் அரபியில் அதே சொல்தான்.

இந்த உடை அப்படியொன்றும் பழமையானதல்ல. எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எகிப்தியரின் வாழ்க்கையைப் பற்றி 1836-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். வீதியிலும் விருந்து வீடுகளிலும் ஆடிய 'கவாஸி' பெண்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அவர்கள் அணிந்தவை நீண்ட மேலங்கி, தொளதொளத்த கால்சட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு சால்வை. அந்தக் காலத்து வசதியான பெண்கள் வீட்டுக்குள் உடுத்திய உடையும் ஏறக்குறைய அதுதான். பிறகு 1926-இல் பதியா மசாப்னி என்ற பெண்மணி கெய்ரோவில் ஓர் இசையரங்கைத் தொடங்கினார். ஆட்டம் மேடைக்கு ஏறியது. பார்ப்பவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள், மேலே மின்விளக்கு வந்தது. தூரத்தில் இருப்பவருக்கும் இடுப்பின் சின்ன அசைவு தெரிய வேண்டும் என்ற தேவை வந்தது. ஐரோப்பிய மேடைகளிலிருந்தும் ஹாலிவுட் படங்களிலிருந்தும் பெற்ற சாயலோடு பத்லா உருவாகி வளர்ந்தது. பதியாவின் அரங்கிலிருந்து வந்த தஹியா கரியோகா, சாமியா கமால் இருவரும் சினிமாவில் நடித்து, இந்த உடையை அரபு உலகம் முழுவதும் கண்ணில் நிறுத்தினார்கள்.

தையல்காரராக இந்த வரலாற்றில் என்னைத் தைத்த இடம் ஒன்று உண்டு. சால்வையைக் கவாஸிப் பெண் தன் கையால் கட்டினாள். தளர்ந்தால் தானே இறுக்கிக்கொண்டாள். பிடித்தால் தானே தளர்த்தினாள். அளவு பார்க்கும் வேலை அவளுடைய விரல்களிலேயே இருந்தது. பத்லா வந்தபோது அந்தப் பொறுப்பு முழுவதும் தைப்பவரிடம் வந்து சேர்ந்தது. மேடை ஏறிய பிறகு ஆடுபவளால் எதையும் சரிசெய்ய முடியாது. நாம் ஒப்பனை அறையில் செய்து கொடுத்ததுதான் அவளுக்குத் துணை.

இன்னொரு உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரக்ஸ் ஷர்கிக்கும் அதற்கும் நேரடி வழித்தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் மணி வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் அது ஒரு பாடம். 1927-இல் கீஸாவில் ஒரு கல்லறையைத் திறந்தபோது, கூஃபு மன்னர் காலத்துப் பெண் ஒருத்தியின் உடலின் மேலும் சுற்றிலும் ஆயிரக்கணக்கான மணிகள் கிடந்தன. வலைபோலக் கோத்த மணி உடை அது. கோத்த நூல் மக்கி மறைந்துவிட்டது. ஆனாலும் சில மணிகள் கோத்த வரிசை கலையாமல் அப்படியே கிடந்தன. அந்த வரிசையைப் பார்த்துத்தான் உடையை மறுபடி கோத்து எடுத்தார்கள். இன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டனில் உள்ள பெட்ரி அருங்காட்சியகத்தில் இன்னொன்று உண்டு. காவ் என்ற ஊரில் கிடைத்தது. அதன் விளிம்பில் சிப்பிகள் தொங்குகின்றன. ஒவ்வொரு சிப்பிக்குள்ளும் சிறு கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அணிந்தவள் நடந்தால் கலகலவென்று ஒலிக்கும்.

நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மணி அப்படியே இருக்கிறது. போனது நூல். மணி உடையைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்ததுதான். பார்ப்பவர் கண் மணியில் இருக்கும். தைப்பவர் கண் நூலிலும் நாடாவிலும் கொக்கியிலும் லைனிங்கிலும் இருக்க வேண்டும். அவற்றைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று பாரம், மற்றொன்று வேர்வை. பாரத்தைச் சரியான இடத்தில் இறக்கி வைப்பது அளவு பார்க்கும் வேலை. வேர்வையை வெளியேற்றுவது பராமரிப்பு வேலை.

முதலில் பாரம். கண்ணாடி மணித் தொங்கல் நிறைந்த ஒரு ஜோடி உடை சில கிலோ வரும். அந்தப் பாரம் வீண் பாரம் இல்லை. இடுப்பு ஒரு பக்கம் வெட்டி நின்ற பிறகு, தொங்கல் அரைக்கணம் தாமதித்து அந்தப் பக்கம் வீசும். அந்தத் தாமதம்தான் அசைவைப் பெரிதாக்கிக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகிறது. பிளாஸ்டிக் மணி போட்டால் பாரம் குறையும், ஆனால் தொங்கல் காற்றில் பறக்கும். ஆகவே பாரத்தைக் குறைப்பதைவிட அது எங்கே உட்காருகிறது என்று பார்ப்பது முக்கியம்.

பட்டை உட்காரும் இடம் இடை அல்ல. இடுப்பெலும்பின் முனைக்குக் கீழே, முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் பின்பக்கம் சற்று உயர்ந்தும் அமரும். அந்த இடத்திலேயே டேப் வைத்து அளவெடுங்கள். ரவிக்கைக்கு எடுத்த இடையளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அந்த இடத்தில் உடம்பு கீழே போகப் போக அகலும். நேராக வெட்டிய பட்டையை அங்கே சுற்றினால் கீழ்விளிம்பு பிடிக்கும், மேல்விளிம்பு வாயைப் பிளந்து நிற்கும். அதை மறைக்க இன்னும் இறுக்குவார்கள். இறுக்க இறுக்கப் பட்டை மேலே ஏறும். மேல்விளிம்பு குறைந்தும் கீழ்விளிம்பு கூடியும் இருக்குமாறு வளைவாக வெட்டுங்கள், அல்லது மேல்விளிம்பில் டார்ட் பிடியுங்கள். அப்போது பட்டை இறுக்கத்தால் நிற்காமல் தன் வடிவத்தால் நிற்கும்.

பட்டையின் உள்ளே இருக்கும் அடித்துணி இழுபடவே கூடாது. பலர் பக்ரம் வைக்கிறார்கள். பக்ரத்தின் விறைப்பு அதில் ஏற்றிய பசையால் வருவது. வேர்வை பட்டுப் பட்டுப் பசை இளகினால் பட்டை குழைந்துவிடும். கனமான பருத்திக் கேன்வாஸை இரண்டு அடுக்கு வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டுவது நல்லது. மூடும் இடத்தில் ரவிக்கைக் கொக்கி போதாது. பேன்ட்டுக்கு வைக்கும் பெரிய கொக்கி, ஒரு வாய்க்கு இரண்டு. கொக்கி மாட்டும் கம்பியை இரண்டு செமீ இடைவெளியில் இரண்டு வரிசையாக வையுங்கள். ஆடும் பெண்ணின் உடம்பு ஒரே அளவில் இருக்காது. மாதத்துக்குள்ளேயே மாறும். இரண்டாவது வரிசை அவளுக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

பட்டை இறங்காமல் இருக்க அதைப் பாவாடையோடு சேர்த்து ஊக்குக் குத்துவார்கள். குத்தட்டும். ஆனால் ஊக்கு லைனிங்கிலும் கேன்வாஸிலும் மட்டும் நுழைய வேண்டும். மணி கோத்த நூலின் மேல் ஊக்கு பட்டால், அந்த இடத்தில் நூல் அன்றைக்கே சாகத் தொடங்கிவிடும். அதற்காகவே பட்டையின் உட்புறத்தில் சிறு நாடா வளையங்கள் தைத்துக் கொடுத்துவிடலாம். ஊக்கு அந்த வளையத்தில் விழும்.

அடுத்தது கச்சு. கடையில் வாங்கும் கெட்டிக் கப் வைத்த பிராவை அடியாக வைத்துத்தான் பெரும்பாலும் தைக்கிறார்கள். அதில் உள்ள எலாஸ்டிக் பட்டைகளை முழுவதும் பிரித்து எறிந்துவிடுங்கள். தோளை அதிர வைக்கும் ஆட்டம் ஆடும்போது, எலாஸ்டிக் ஒவ்வோர் அதிர்வுக்கும் பாரத்தோடு கீழே போய் மேலே வரும். உடம்பு ஒரு தாளத்திலும் கச்சு இன்னொரு தாளத்திலும் போகும். எலாஸ்டிக் இருந்த இடத்தில் இழுபடாத கிராஸ்கிரெய்ன் ரிப்பனோ, கேன்வாஸ் வைத்த பட்டையோ போடுங்கள். பாரத்தை மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டைதான் தாங்க வேண்டும். தோள்பட்டை தாங்கினால் அரை மணி நேரத்தில் தோளில் சிவந்த கோடு விழும். மாட்டிப் பார்க்கும்போது தோள்பட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். கச்சு இடம்விட்டு நகராமல் இருந்தால் சுற்றுப்பட்டை தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கப் மேல் விளிம்பில் இடைவெளி இருந்தால் உள்ளே பஞ்சுப் பேட் வையுங்கள், அல்லது விளிம்பில் சிறு மடிப்புப் பிடியுங்கள்.

எகிப்தில் 1950-களில் வயிற்றை மூட வேண்டும் என்ற விதி வந்தது. அதனால் அங்கே கச்சுக்கும் பட்டைக்கும் நடுவே தோல் நிற வலைத்துணி வைப்பது வழக்கமானது. அப்படி வைக்க நேர்ந்தால் அதை நிரந்தரமாகத் தைத்துவிடாதீர்கள். பிரஸ் பட்டன் வையுங்கள். அது வேர்வையைக் குடிக்கும். தனியாகக் கழற்றித் துவைக்க வேண்டும்.

அளவு பார்ப்பது இரண்டு முறை நடக்க வேண்டும். மணி வைக்கும் முன் ஒரு முறை, வைத்த பின் ஒரு முறை. மணி ஏறியதும் பட்டை தாழும். இரண்டாவது முறை ஆடுபவளைக் கண்ணாடி முன் நிற்க வைத்து மட்டும் பார்க்காதீர்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். பின்னால் வளையச் சொல்லுங்கள். இடுப்பை வெட்டச் சொல்லுங்கள். மூச்சை நிறைய இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு முழுப் பாட்டுக்கு ஆடச் சொல்லுங்கள். முடித்ததும் அவள் கை தானாக உடையின் எந்த இடத்துக்குப் போகிறதோ, அந்த இடத்தில் இன்னும் வேலை இருக்கிறது.

இப்போது வேர்வை. ஆடி முடித்தவுடன் உடையைப் பையில் திணித்து மூடிக்கொண்டு பஸ் ஏறுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். உடைக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. வேர்வையில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கொக்கியைத் துருப்பிடிக்க வைக்கும், நூலை நைய வைக்கும். ஒப்பனை அறையிலேயே உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, விரித்து, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். உடனே கிளம்ப வேண்டியிருந்தால் பருத்தித் துணிப் பையில் போட்டு எடுத்துப் போய், வீட்டுக்குப் போனவுடன் விரித்துவிடுங்கள். நாடக உலகில் உடை பார்ப்பவர்கள் ஓட்காவில் தண்ணீர் கலந்து உட்புறம் மட்டும் லேசாகத் தெளிப்பார்கள். ஆல்கஹால் நாற்றத்தைக் குறைத்துத் தானும் ஆவியாகிவிடும். எந்தத் திரவமானாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சென்ட்டை உடையின் மேல் அடிக்கவே வேண்டாம். அணியும் முன்பே உடம்பில் போட்டு, அது உலர்ந்த பிறகு உடுத்தட்டும்.

டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கவே கூடாது. அங்கே பயன்படும் கரைப்பான் சமிக்கியின் மேல்பூச்சை உரித்துவிடும். நாமே துவைக்கலாமா என்றால், அது உடையைப் பொறுத்தது. ஈரமான வெள்ளைத் துணியால் மணியை ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. கப்பின் உள்ளே அட்டை வைத்திருந்தாலும் கூடாது. பழைய உடை கையில் வந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 1930-களில் ஜெலட்டினால் செய்த சமிக்கிகள் இருந்தன. தண்ணீரிலும் சூட்டிலும் அவை கரைந்து ஒட்டிவிடும். சாயம் போகாத புது உடையானால், ஆறிய தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து அலசுங்கள். பிழியக் கூடாது. டவலில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்து, நிழலில் விரித்துப் போடுங்கள். இஸ்திரியும் ஆவியும் மணிப் பக்கம் வேண்டாம். சமிக்கி சுருண்டுவிடும்.

இத்தனை அவதியும் தேவைப்படாமல் இருக்க ஒரு வழி உண்டு. லைனிங்கைக் கைத்தையலால் ஓரத்தில் மட்டும் பிடித்து வைப்பது. பிரித்து, துவைத்து, மறுபடி தைக்கலாம். நைந்தால் புது லைனிங் போடலாம். கச்சிலும் பட்டையிலும் வேர்வையை ஏற்பது லைனிங்தான். அது மாறிக்கொண்டே இருந்தால் உடை மாறாமல் இருக்கும்.

தொங்கலைப் பழுதுபார்ப்பது பற்றி ஒன்று சொல்கிறேன். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலாக என்னிடம் வந்த கெய்ரோப் பட்டையில் ஒரே ஒரு சரம் அறுந்திருந்தது. வீட்டில் இருந்த பருத்தி நூலில் கோத்து ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது நிகழ்ச்சியில், ஆட்டத்தின் நடுவில், அந்தச் சரமும் பக்கத்துச் சரங்களும் அவிழ்ந்து மணிகள் மேடையெங்கும் ஓடின. வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பெண் ஆட்டத்தை நிறுத்தவில்லை. உள்ளே வந்தபோது பாதத்தில் கண்ணாடி குத்தி இரத்தம். அவள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று இரவு முழுவதும் அந்தப் பட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஏன் அறுந்தது என்று ஒவ்வொரு சரமாகப் பார்த்தேன்.

இரண்டு காரணங்கள் தெரிந்தன. நீங்கள் ஆரி வேலையில் கட் பைப் என்று சொல்லும் நீள மணியின் வாயை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டிய கண்ணாடி. அது கத்திபோல நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். நல்ல வேலைக்காரர்கள் ஒவ்வொரு கட் பைப்புக்கும் மேலும் கீழும் ஒரு சுகர் பீட்ஸ் கோப்பார்கள். நூல் உருண்டை மணியின் வழவழப்பான வாயில் உரசும், கூர்வாயைத் தொடாது. நான் ஒரு சுகர் பீட்ஸை விட்டிருந்தேன். இரண்டாவது காரணம் முடிச்சு. அந்தப் பட்டையில் பல சரங்களை ஒரே நூல் ஓட்டத்தில் தைத்திருந்தார்கள். ஆரியின் சங்கிலித் தையலில் ஒரு முனையை இழுத்தால் சரசரவென்று பிரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கும்: என் ஒற்றை முடிச்சு போனதும் பக்கத்துச் சரங்களும் அவிழ்ந்தன.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. மணி கோப்பதற்கென்று விற்கும் பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துக்கொள்வேன். கேன்வாஸில் முடிச்சுப் போட்டுக் கீழே இறங்கி, கடைசி மணியைச் சுற்றிக்கொண்டு, அதே மணிகளின் வழியே மேலே ஏறி, கேன்வாஸில் இரட்டை முடிச்சு. பிறகு நூலை அறுத்துவிடுவேன். அடுத்த சரத்துக்குப் புது நூல். நேரம் ஆகத்தான் செய்யும். ஆனால் ஒரு சரம் போனால் அந்த ஒன்றோடு போகும். நிகழ்ச்சிக்கு நடுவே அறுந்தால், எஞ்சிய நூல் முனையில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் அன்றைய இரவு தாங்கும். மறுநாள் உட்கார்ந்து ஒழுங்காகக் கோத்துவிட வேண்டும்.

கடைசியாக, உடையை வைக்கும் முறை. மணி உடையை ஹேங்கரில் மாட்டாதீர்கள். இரவும் பகலும் தன் பாரத்தையே இழுத்துக்கொண்டு நிற்கும். தோள் நாடா நீளும், நூல் தளரும். படுக்க வைக்க வேண்டும். கச்சின் ஒரு கப்பை இன்னொன்றுக்குள் மடித்துத் திணிக்காமல், இரண்டுக்குள்ளும் துணியைச் சுருட்டி வைத்து வடிவம் காத்து வையுங்கள். மணி மணியோடு உரசாமல் நடுவே மெல்லிய துணி போடுங்கள். அந்துருண்டை வேண்டாம். அது சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

நைல் கரையில் அஸ்யூத் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் துணி ஒன்று உண்டு. வலைத்துணியில் தட்டையான உலோகப் பட்டையை ஒவ்வொரு கண்ணாகக் கோத்து, மடித்து, நசுக்கிச் செய்வது. பழைய அஸ்யூத் சால்வை கையில் வந்தால் அதை மடிக்கவே கூடாது. மடித்த கோட்டில் உலோகம் முறியும். உருளையில் சுருட்டி வையுங்கள். இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டுப்புடவையை அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைக்கச் சொன்ன பாட்டிமார் நம் எல்லோர் வீட்டிலும் இருந்தார்கள். ஜரிகைக்கு அவர்கள் கண்ட அறிவு அந்த உலோகப் பட்டைக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கொக்கிகளை ஒன்றொன்றாக இழுத்துப் பாருங்கள். தொங்கலை விரல்களால் சீவிப் பாருங்கள். எங்கே ஒரு சரம் மற்றவற்றைவிட அரை மணி தாழ்ந்து தொங்குகிறதோ, அங்கே நூல் தளர்ந்திருக்கிறது. அறுவதற்கு முன் அது கொடுக்கும் ஒரே அடையாளம் அது.

இனி மேசைக்கு வாருங்கள். இது அன்று அவிழ்ந்த அதே பட்டை. அந்தப் பெண் இப்போது ஆடுவதில்லை. என்னிடம் கொடுத்துவிட்டாள். இரண்டு கையால் எடுத்ததும் முதலில் திருப்பிப் பாருங்கள். லைனிங்கின் ஒரு ஓரத்தை உங்களுக்காகப் பிரித்து வைத்திருக்கிறேன். உள்ளே மூன்று நிறத்தில் நூல் தெரியும். வெள்ளை நூல் கெய்ரோவில் தைத்த கையுடையது. கறுப்பு நூல் எனக்கு முன் யாரோ பழுதுபார்த்தது. அந்தக் கை நல்ல கை, இன்றும் அந்த முடிச்சு ஒன்றுகூட அசையவில்லை. சிவப்பு நூல் என்னுடையது. இடது ஓரத்தில் இரண்டு சரங்கள் தாழ்ந்திருக்கின்றன. ஊசியும் தேன்மெழுகும் பக்கத்தில் இருக்கின்றன. உங்களில் ஒருவர் இன்று அவற்றைக் கோத்துக் கொடுக்க வேண்டும். என்ன நிற நூல் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள்.